உமி கொட்டச் சொன்னவள்

சித்தூருக்கு வெளியே திருப்பதி சாலையில் இருக்கும் அந்த மாம்பழக்கூழ் ஆலையில், தரையில் எது சிந்தினாலும் உமியைத்தான் கொட்டுவார்கள். கூழ் சிந்தினால் உமி, எண்ணெய் ஒழுகினால் உமி, கழுவும் தொட்டி வழிந்தால் உமி. சீசன் வந்துவிட்டால் மாம்பழச் சாறு தரையெல்லாம் வழுக்கும். கவனிக்காமல் கால் வைத்தவருக்கு இடுப்பு போய்விடும். அதனால் கதவோரம் எப்போதும் ஒரு மூட்டை உமி நிற்கும். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தானாக அங்கே போகும்.

அன்று மதியம் தள்ளுவண்டியிலிருந்து ஒரு டிரம் சரிந்தது. கழுவும் தண்ணீரில் கலக்கும் ப்ளீச்சிங் குருணை. கடையில் விற்கும் பவுடரைவிடப் பல மடங்கு வீரியமானது. மூடி தெறித்துப் பாதி தரையில் கொட்டிவிட்டது. ஸ்டோரில் வேலை பார்க்கும் சுமித்ரா எட்டிப் பார்த்து, உமியைப் போட்டுக் கூட்டிவிடச் சொன்னாள். கூட்டியது அவள் அம்மா கமலம்மா. சாறும் உமியும் குருணையுமாக ஒரு கோணி நிறைந்தது. இதை வீணாகக் கொட்டுவானேன், கக்கூசுக்கும் சாக்கடைக்கும் ஆகுமே, எடுத்துப் போகட்டுமா என்று கமலம்மா கேட்டாள். சிந்திய ப்ளீச்சிங்கைப் பெண்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது அங்கே வழக்கம்தான். சுமித்ரா தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள்.

இத்தனைக்கும் அவள் சாயங்காலங்களில் படிப்பது தீப்பாதுகாப்பு டிப்ளமோ. பாடத்தை இரண்டு தடவை எழுதிப் பார்ப்பாள், மூன்றாவது தடவை சரிபார்ப்பாள். இருந்தாலும் வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தொண்டையோடு நின்றுவிடும். தப்பாக இருந்தால் என்ன ஆவது என்ற பயம்.

ஷிப்ட் முடிந்ததும் வகுப்புக்குப் போகப் பஸ் ஏறினாள். சித்தூர் ஊருக்குள் நுழைகிற இடத்தில் நெரிசல். ஜன்னலை ஒட்டி ஒரு லாரி நின்றது. அதன் பின்புறம் மஞ்சள் பலகை, அதில் ஒரு வட்டமும் வட்டத்தின் தலையில் எரியும் சுடரும். அவள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். அதே படம்தான் அந்த டிரம்மிலும் இருந்தது. தான் எரியாது, ஆனால் எரியக்கூடிய எதனோடு சேர்ந்தாலும் அதற்குத் தீனி போடும். வெளிக்காற்றே வேண்டாம், தனக்குள்ளிருந்தே ஆக்சிஜன் கொடுக்கும். இதைத் தன் கையாலேயே எழுதியிருக்கிறாள். உமியோ காய்ந்த விறகுக்குச் சமம். போதாததற்குப் பழச்சாறு வேறு.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எவ்வளவோ நாள் எவ்வளவோ பேர் கொண்டுபோயிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கொண்டுபோனது வெறும் பவுடர். இப்படி உமியில் பிசைந்ததை யார் கொண்டுபோனார்கள்? போனை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டாள்.

கமலம்மா குடிபாலா சாலையில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தாள். வண்டி நிறைய ஆலைப் பெண்கள். கோணி எங்கே என்று சுமித்ரா கேட்டாள். காலடியில்தான் என்றாள் அம்மா. தொட்டுப் பார்க்கச் சொன்னாள்.

"தொடறது இன்னாடி, காலே சுடுது. இஞ்சின் சூடுன்னு நெனச்சிக்கினு குந்திக்கினு கீறேன்."

 சுமித்ரா அப்போதே கத்தியிருக்க வேண்டும். அவளோ, இறங்கிக்கொண்டால் நல்லது என்று தோன்றுகிறது, சரியாகத் தெரியவில்லை, எதற்கும் இறங்கினால் பரவாயில்லை என்று இழுத்தாள். அம்மா அதை அப்படியே பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்ல, வண்டிக்குள் சிரிப்பு கிளம்பியது.

"கமலாக்கா, உன் பொண்ணு இன்னும் பாசே ஆவல, அதுக்குள்ள ஃபயர் இஞ்சினா?" என்றது பிரேமலதாவின் குரல். அவள் ஆலையில் பழம் நறுக்குபவள், வாயாடி. இந்த வளைவில் இறங்கினால் வேறு வண்டி கிடையாது, வீட்டுக்குப் போய் வாசலிலேயே வைத்துவிடுகிறேன் என்றாள் அம்மா. சுமித்ராவும் சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் சிரித்த பிரேமலதா இருமினாள். இன்னொருத்தி இருமினாள். என்னவோ கண்ணைக் கரிக்கிறதே என்று யாரோ சொன்னது போனில் கேட்டது.

"அம்மா, போனை டிரைவர்கிட்ட குடு. இப்பவே குடு."

டிரைவர் தமிழ்செல்வனின் வீடு அவர்கள் தெருவுக்கு அடுத்த தெருவில். சுமித்ரா அவனிடம் இழுக்கவில்லை.

"அண்ணா, வண்டிய நிறுத்து. எல்லாரையும் எறக்கு. காத்து எங்கருந்து வருதோ அந்தப் பக்கம் தூரமா கூட்டிக்கினு போ. மூட்டையத் தொடாத."

அவன் கேள்வி கேட்கவில்லை. பிரேக் பிடித்த சத்தமும் பெண்கள் இறங்குகிற சத்தமும் கேட்டன. அம்மா இறங்கிவிட்டாள் என்பது அவள் இருமலிலிருந்து தெரிந்தது. பிறகு தமிழ்செல்வனின் குரல் தூரத்திலிருந்து வந்தது: வண்டி எரிந்தால் நான் எங்கே போவேன். மூட்டையை அவன் இழுப்பது கேட்டது. வேண்டாம் அண்ணா, வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். போனை அவன் யாரிடமோ கொடுத்துவிட்டிருந்தான், அவனுக்கு அது கேட்கவில்லை. எதுவோ கிழிந்தது. அடுப்பில் எண்ணெய் பொங்கினாற்போல் ஒரு சீறல். பெண்கள் அலறினார்கள்.

மண்ணைப் போட்டிருக்கிறான். அணையவில்லை. நனைந்த சாக்கைப் போட்டு மூடியிருக்கிறான், அதையும் மீறி எரிந்திருக்கிறது. யாரோ குடிக்கிற பாட்டில் தண்ணீரை ஊற்ற, புகை இன்னும் பெருகி அவன் முகத்தில் அடித்திருக்கிறது. இதெல்லாம் அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் பஸ்ஸிலிருந்து இறங்கித் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தாள். தெலுங்கில், மூச்சு வாங்க, இடத்தைச் சொன்னாள். என்ன எரிகிறது என்று கேட்டார்கள். ப்ளீச்சிங் குருணையும் உமியும் கலந்தது என்றாள். சின்ன வண்டியில் தீயணைக்கும் பவுடர் சிலிண்டரோடு பக்கத்திலேயே ஆள் இருக்கிறது, அனுப்பட்டுமா என்றார் அந்தப் பக்கத்திலிருந்தவர். பவுடர் கூடாது, இதோடு சேர்ந்தால் வெடிக்கலாம், தண்ணீர் வண்டிதான் வேண்டும், தூரத்திலிருந்து நிறையப் பாய்ச்ச வேண்டும், கொஞ்சமாக ஊற்றினால் விஷப்புகை கூடும் என்றாள். நிச்சயமாகத் தெரியுமா அம்மா என்றார். தெரியும் என்றாள். 

அவள் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் வண்டி வந்து வேலையை முடித்திருந்தது. சாலை முழுக்கக் கரிந்த உமி மிதந்தது. ஆட்டோவின் பின்பக்கம் எலும்புக்கூடாக நின்றது. பெண்கள் புளியமரத்தடியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கமலம்மா மகளைக் கண்டதும் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தமிழ்செல்வனை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண் திறக்க முடியவில்லை, இரண்டு கைகளும் வெந்திருந்தன, மூச்சில் விசில் சத்தம்.

கமலம்மா மகளை ஓரமாக இழுத்துப் போனாள். "கேட்டவங்ககிட்ட உமியப் போட்டது நாந்தான்னு சொல்லிட்டேன். நீ வாயத் தெறக்காத. படிக்கிற பொண்ணு."

தமிழ்செல்வனுக்குச் சித்தூரில் மருந்து போட்டுவிட்டுத் திருப்பதிக்கு அனுப்பினார்கள். இந்தப் புகை நுரையீரலில் மெதுவாகத்தான் வேலை காட்டும், இப்போது பேசுகிறாரே என்று நம்ப முடியாது என்றார் டாக்டர். சுமித்ராவும் கூடவே போனாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, போனில் தான் பேசியதை வார்த்தை வார்த்தையாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். தோன்றுகிறது, பரவாயில்லை, எதற்கும். அந்த வார்த்தைகளுக்கெல்லாம் செலவான நேரத்தில் மூட்டை இன்னும் எவ்வளவு சூடேறியிருக்கும்? உடனே நிறுத்தச் சொல்லியிருந்தால் அவன் இழுத்துப் போட்டபோது அது வெறும் மூட்டையாகவே விழுந்திருக்குமோ? கணக்கு எந்தப் பக்கமும் முடியவில்லை.

தமிழ்செல்வனின் மனைவி அலர்மேல் வந்து சேர்ந்தாள். தோளில் தூங்கும் குழந்தை. சுமித்ராவை அடையாளம் கண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீதான் போன் பண்ணி நிறுத்தச் சொன்னியாமே. இல்லன்னா எல்லாரும் ஓடற வண்டியிலயே வெந்துருப்பாங்கன்னு சொல்றாங்க." சொல்லிவிட்டு சுமித்ராவின் கையைத் தன் மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் தமிழ்செல்வனின் மார்பு ஏறி இறங்குவது தெரிந்தது. ஒவ்வொரு தடவையும் இறங்கியது மறுபடி ஏறுகிறதா என்று இருவரும் பார்த்தார்கள்.

"அக்கா," என்றாள் சுமித்ரா. "அதுல உமியைக் கலக்கச் சொன்னதும் நாந்தான். எங்கம்மா இல்ல. வூட்டுக்கு எடுத்துக்கினு போகச் சொன்னதும் நாந்தான்."

அலர்மேல் திரும்பவில்லை. கையை விடவும் இல்லை. ஆனால் அந்தப் பிடியில் இருந்த எதுவோ போய்விட்டது. கை கையின் மேல் வெறுமனே கிடந்தது. வெகுநேரம் கழித்து, குழந்தையை இன்னொரு தோளுக்கு மாற்றுவதற்காக அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள். பிறகு திரும்பக் கொண்டுவந்து வைக்கவில்லை.