ஆறாவது இலக்கம்

அப்பா செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் அவள் கையை நீட்டிவிட்டாள்.

"போனைக் குடுங்கப்பா."

காலை ஷிஃப்ட் முடிந்து வந்த மனிதர், காக்கிச் சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருக்க, ஒரு காலில் செருப்போடு அப்படியே நின்றார். பிறகு சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. நிலவியல் கல்லூரியிலிருந்து மத்தியானம் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. நீங்கள் ஏற்கெனவே வேறோர் இடத்துக்குச் சம்மதம் சொல்லியிருக்கிறீர்கள், இன்று மாலை ஐந்து மணிக்குள் அதை விட்டுக்கொடுத்தால்தான் இங்கே சேர முடியும் என்று. அவள் எந்தச் சம்மதமும் சொல்லவில்லை. பதறிப்போய் மடிக்கணினியைத் திறந்து பார்த்தால், மருத்துவக் கல்லூரியின் பெயருக்கு எதிரே பச்சை எழுத்தில் 'சம்மதம்' என்று பல்லை இளித்தது. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே கடவுச்சொல்தான், அப்பாவின் பணியாளர் எண். வேறு எதை வைத்தாலும் மறந்துவிடுவார் என்று அவள்தான் அதை வைத்தாள். விண்ணப்பத்தில் அப்பாவின் போன் எண்ணைக் கொடுத்ததும் அவளே. இவ்வளவு மதிப்பெண் வாங்கத் தெரிந்தவளுக்கு இந்தப் புத்தி இல்லாமல் போயிற்று.

"ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம் மேடம்தான் அழுத்திக் குடுத்தாங்க," என்றார் அப்பா, சுவரைப் பார்த்து. "நீ கோவத்துல இருந்த. கோவம் தணிஞ்சா நீயே அழுத்தியிருப்ப. நான் ரெண்டு நாள் முன்னாடி அழுத்திட்டேன், அவ்வளவுதான்."

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய அன்று அப்பா வைத்த பெயர் 'டாக்டரம்மா'. மளிகைக் கடைக்காரர், மாடி வீட்டு அத்தை, பேப்பர் போடுகிறவர் என்று எல்லோருக்கும் அவள் டாக்டரம்மாதான். அவளுக்கென்று ஒரு பெயர் இருப்பது பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். நுழைவுத் தேர்வில் வேண்டுமென்றே கோட்டை விட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் போனாள். கேள்வித்தாளைப் பார்த்ததும் தெரிந்த விடையைத் தப்பாக எழுதக் கை வரவில்லை. அந்தக் கையின் மீதும் அவளுக்குக் கோபம்தான்.

மடிக்கணினியில் 'விட்டுக்கொடுக்கிறேன்' என்பதை அழுத்தினாள். அப்பாவின் சட்டைப் பைக்குள் போன் சிணுங்கியது. ஆறு இலக்கம் கொண்ட எண் வந்திருக்கும். திரையில் பத்து நிமிடம் குறையத் தொடங்கியது. மணி நாலு ஐம்பது.

"எடுத்துப் படிங்கப்பா."

"கல்லைப் பத்திப் படிக்கவா உன்னைப் பெத்தோம்? இந்த ஒரு சீட்டுக்கு எத்தனை பேர் தவம் கெடக்கறாங்க தெரியுமா?"

"அதுல யாராவது ஒருத்தர் போகட்டுமே."

அப்பா இருபத்து மூன்று வருடமாக அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறார். கம்பிக் கதவை இழுத்து மூடி, கைப்பிடியைத் திருப்புகிற பழைய லிஃப்ட். டாக்டர்கள் மாடியின் எண்ணை வாயால் சொல்வதில்லை, விரலைக் காட்டுவார்கள். சிலர் சொடக்குப் போடுவார்கள். பெரிய டாக்டர் வந்தால் லிஃப்ட் காலியாக இருக்க வேண்டும். எங்கேயும் எழுதி வைக்காத சட்டம், ஆனால் அப்பா அதை ஒரு நாளும் மீறியதில்லை.

அவளுக்குப் பதினொரு வயதில் அம்மாவுக்குத் தாங்க முடியாத வயிற்று வலி. நாலாவது மாடியில் ஸ்கேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அம்மா லிஃப்ட்டில் ஒரு மூலையில் சாய்ந்திருந்தாள், கூட இன்னும் நாலைந்து பேர். கதவை மூடப்போகிற நேரத்தில் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் பெரிய டாக்டர், போனில் சிரித்துப் பேசியபடி, ஆற அமர நடந்து வந்துகொண்டிருந்தார். "இறங்குங்க, எல்லாரும் இறங்குங்க, டாக்டர் வர்றாங்க," என்றார் அப்பா. எல்லோரும் இறங்கினார்கள். அம்மா மட்டும் நகரவில்லை. தன்னைச் சொல்லவில்லை என்று நினைத்துவிட்டாள் போல. அப்பா அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்வது போல, "நீங்களும்தாம்மா," என்றார். அம்மாவும் அவளும் ஒவ்வொரு மாடியிலும் உட்கார்ந்து உட்கார்ந்து படியேறினார்கள். அன்று சாயங்காலம் அவள் அழுதபோது அப்பா சமாதானம் சொன்னார்: "நீ டாக்டராயி வா. உனக்காக மொத்த லிஃப்ட்டையும் காலி பண்றேன் பாரு." இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான். அதனால்தான் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம்.

ஏழு நிமிடம் இருந்தது.

"எல்லா டாக்டரும் அப்படியா?" அப்பாவின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நீ நல்ல டாக்டரா இரேன். யாரையும் இறக்கி விட வேணாம்னு சொல்லு."

"நான் வேணாம்னு சொன்னாலும் நீங்க இறக்கி விடுவீங்கப்பா."

அப்பா சட்டைப் பையை இன்னும் இறுக்கிப் பொத்தினார். ஒற்றைச் செருப்பு இன்னும் காலில் இருந்தது. அவர் அழுதுவிடுவாரோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அழுதால் தான் தோற்றுப்போவோம் என்று தெரிந்து, அதற்கும் சேர்த்து அவர் மேல் கோபம் வந்தது.

அடுப்படி வாசலில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். அந்த நாளைப் பற்றி ஏழு வருடமாக ஒரு வார்த்தை பேசாதவள். அப்பாவின் இன்னொரு காக்கிச் சட்டை அவள் கையில் பாதி மடிப்பில் இருந்தது.

"எண்பத்தெட்டுப் படிக்கட்டுங்க," என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "எண்ணிக்கிட்டே ஏறினேன். போன்ல வந்த நம்பரை அவளுக்குச் சொல்லிடுங்க."

அப்பா அம்மாவைப் பார்க்கவில்லை. பையிலிருந்து போனை எடுத்து, கண்ணாடி இல்லாததால் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். மாடி வந்துவிட்டது என்று அறிவிக்கிற அதே குரல்.

"நாலு."

அவள் தட்டினாள்.

"ஒண்ணு. மூணு. மூணு."

ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தாள்.

"ரெண்டு."

அதோடு நின்றுவிட்டார். திரையில் ஐந்து கட்டங்கள் நிரம்பி, ஆறாவதில் ஒரு சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடம் பத்து நொடி. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் கண்கள் அவள் தலைக்கு மேலே சுவரில் இருந்தன. அவருடைய வலது கை மட்டும் இடுப்பு உயரத்தில், இழுக்கவும் இல்லாமல் விடவும் இல்லாமல், அங்கே இல்லாத கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது.