ஜோடிப் படத்தில் ஒரு கை இடைவெளி

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. நான் ஓய்வூதியக்காரன். வருஷத்துக்கு ஒரு முறை கள்ளக்குறிச்சிக் கருவூலத்துக்குப் போய், இன்னும் சாகவில்லை என்று முகத்தைக் காட்டிவிட்டு வருவேன். அன்று பக்கத்து மேசையில் நடந்ததைப் பார்த்தேன். முன்கதையைக் கருவூலப் பெஞ்சில் உட்கார்ந்து, குடும்ப ஓய்வூதியம் கேட்டு வந்திருந்த கொளஞ்சியம்மாளே சொன்னாள்.

நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "கல்வராயன் மலையில் பனி விலகாத அந்தக் காலையில், கொளஞ்சியம்மாள்—"

வேண்டாம். பனியெல்லாம் இல்லை. மலைப்பேருந்தில் வாந்தி எடுத்த களைப்போடு வந்து இறங்கினாள்.

2

அவள் புருஷன் வேடியப்பன் வெள்ளிமலைப் பக்கம் சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் செத்த பிறகு, குடும்ப ஓய்வூதியம் கேட்டு முதல்முறை வந்தபோது கருவூல அலுவலர் கிரேஸ் மேடம் கோப்பிலிருந்த படத்தைப் பார்த்தார், எதிரில் நின்றவளைப் பார்த்தார்.

"இது நீங்க இல்லியேம்மா?"

"இல்லீங்க. அது எங்க நாத்தனா ஆயம்மா."

(ஓய்வு பெறுகிறவர் மனைவியோடு எடுத்த படம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். அவருக்குப் பிறகு அந்த முகத்தை வைத்துத்தான் அடையாளம் பார்ப்பார்கள்.)

படம் கேட்ட சமயம் கொளஞ்சியம்மாள் கரியராமர் சாமிக்கு முடி இறக்கியிருந்தாள். மொட்டைத் தலையோடு சர்க்கார் கோப்பில் ஏற வெட்கம். "ஒங்க அக்காவ இட்டுகினு போ. பக்கத்துல ஒரு பொம்பள மூஞ்சி இருந்தா போதாதா?" என்று அவளேதான் அனுப்பினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, மொட்டைத் தலையிலும் அது ஒட்டும் போலிருக்கிறது.

"படத்துல இருக்கறவங்களயும் கூட்டினு வாங்க. அவங்க சொன்னாதான் மேல பேச முடியும்" என்றார் மேடம்.

கொளஞ்சியம்மாள் மலைக்குத் திரும்பினாள். மரவள்ளி பிடுங்கும் கூலி வேலை இனி அவள் உடம்புக்கு ஆகாது. பென்ஷன் வந்தால்தான் சோறு. ஆயம்மாளோடு பேச்சு நின்றோ வருஷக்கணக்காகிறது. ஒரு பலாமரம், வேலிக்கு அந்தப் பக்கம் சாய்ந்த அதன் கிளை, அவ்வளவுதான் சண்டை.

3

இந்த இடத்தில் எனக்கு ஆயம்மாள் மேல் சந்தேகம் வந்தது. எந்த லாபமும் இல்லாமல் ஒருத்தி ஏன் மலை இறங்க வேண்டும்? அதனால் நானே இப்படி எழுதிப் பார்த்தேன்:

(அ) படத்தில் இருப்பது நான், ஆகவே பெண்டாட்டியும் நானே என்று ஆயம்மாள்—

(ஆ) மரத்தை எனக்கு விட்டால் வருகிறேன் என்று—

இரண்டையும் அடித்துவிட்டேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான். நடந்தது வேறு. வேலியருகே நின்று கொளஞ்சியம்மாள் விஷயத்தைச் சொன்னாள். ஆயம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: "எப்பப் போவணும்?"

பேருந்தில் இருவரும் வேறு வேறு இருக்கையில்தான் வந்தார்கள்.

"வேடியப்பனுக்கு நீங்க இன்னா வேணும்?" என்று மேடம் ஆயம்மாளைக் கேட்டார்.

"கூடப் பொறந்தவங்க. இவதான் பொண்டாட்டி. மூஞ்சி மட்டுந்தான் என்னுது, பென்ஷன் அவுளுது. படத்த நல்லா பாருங்க, எடம் வுட்டுத்தான் குந்திகினு இருக்கறேன். ஸ்டுடியோக்காரரு ஒட்டிக் குந்து, ஒட்டிக் குந்துன்னாரு. தம்பிகூட எப்பிடிங்க ஒட்டிக் குந்தறது?"

மேடம் படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். நானும் எட்டிப் பார்த்தேன். இருவருக்கும் நடுவில் ஒரு கை இடைவெளி இருந்தது. தம்பிக்காகப் பெண்டாட்டி இடத்தில் உட்கார்ந்தவள், அக்காவாகவே உட்கார்ந்திருக்கிறாள். மேடம் பேனாவை எடுத்தார்.

"நீங்க சொன்னத எழுதிக்கறேன். விசாரண முடிஞ்சதும் பென்ஷன் வந்துடும். கொளஞ்சியம்மா, ஒங்க படம் ஒண்ணு எடுத்துனு வாங்க."

4

இதற்குள் என் முறை தாண்டிவிட்டது. நான் உயிரோடிருப்பதை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர்கள் பின்னாலேயே எதிர் ஸ்டுடியோவுக்குப் போனேன்.

தனிப்படம் எடுத்து முடிந்ததும் கொளஞ்சியம்மாள் எழுந்திருக்கவில்லை. "ரெண்டு பேரயும் சேத்து இன்னொண்ணு எடுங்க. இது ஆபீசுக்கு இல்ல, வூட்டுக்கு" என்றாள். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "அண்ணி, வந்து குந்துங்க" என்றாள்.

ஆயம்மாள் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடம் விட்டே உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் ஒட்டி உக்காருங்கம்மா" என்றார் ஸ்டுடியோக்காரர். அப்போது கொளஞ்சியம்மாள்—

இல்லை. இதற்கு மேல் நான் பார்க்கவில்லை, வெளியே வந்துவிட்டேன். ஆயம்மாளை ஒருமுறை குறைத்து எழுதியவன் நான். இதை நீங்கள் எழுதுங்கள். ஸ்டுடியோ பெஞ்சில் இருவருக்கும் நடுவே இன்னும் ஒரு கை இடைவெளி இருக்கிறது. யாராவது ஒருத்தி முதலில் நகர வேண்டும்.