ரூபன் நிக்கிறான்தானே

மீராசாஹிப் அன்று காலை வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் உயிரோடு அக்கரை சேர்ந்திருப்பார். ஜெயரூபனுக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அவர் திறந்தார்.

மணி ஏழேகால். மார்கழி மழை சற்று ஓய்ந்திருந்தது. வாவியின் கிழக்கே எழுவான்கரையிலிருந்து மேற்கே படுவான்கரைக்குப் போகும் பாதை புறப்பட்டது. பாதை என்றால் தார் போட்ட ரோடு அல்ல. இரண்டு இரும்பு மிதவைகளின் மேல் பலகை அடித்து, பின்னால் எஞ்சின் பூட்டிய தட்டைப் படகு. அதை ஓட்டுகிறவன் ஜெயரூபன், வயது முப்பத்தெட்டு.

பாதையில் ஒன்பது மோட்டார் சைக்கிள், பதினான்கு பேர். பன்னிரண்டு ஜாக்கெட்டுகளும் இருந்தன, தண்ணீரில் விழுந்தால் மிதக்க வைக்கிற செம்மஞ்சள் ஜாக்கெட்டுகள். எவர் உடம்பிலும் இல்லை. சைக்கிள்கள் ஒன்றோடொன்று உரசிப் பெயின்ட் போகாமலிருக்க இடையில் செருகியிருந்தார்கள். புதிதாக வருகிற ஆள் யாராவது, "ஜாக்கெட் போடத் தேவையில்லையா?" என்று கேட்டால் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"ரூபன் நிக்கிறான்தானே."

அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. சுனாமி அன்று பெரியகல்லாற்றில், பதினேழு வயது ஜெயரூபன், கடல் வாரிக்கொண்டு போன நாலு வயதுக் குழந்தையைச் மூழ்கிச் சுழியோடித் தலைமயிரில் பிடித்து இழுத்தான். உடைந்த மதிலில் ஏறி இரண்டு மணி நேரம் அவளை நெஞ்சோடு வைத்திருந்தான். குழந்தையின் அப்பா கனகசிங்கத்தை அலை கொண்டுபோய்விட்டது. குழந்தை மேனுகா பிழைத்தாள். இப்போது படுவான்கரையில் பள்ளிக்கூட ரீச்சர். இதோ, இதே பாதையின் முன்பக்கக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறாள்.

கதை அவனையும் சும்மா விடவில்லை. அப்படிப்பட்டவன் தண்ணீருக்குப் பயப்படலாமா? வெள்ளத்தில் போன கந்தப்போடியை இழுத்து வந்தான். வெல்லாவெளி மாணவி ஒருத்தியைத் தூக்கி வந்தான். ஒருமுறை எருமைக்கன்று ஒன்றைக்கூட. குதிக்கும்போது அவனுக்கு யோசனையே வராது. தான் யார் என்று தெரியும், கைகால் தம்பாட்டில் வேலை செய்யும்.

மீராசாஹிப் காத்தான்குடி மீன் வியாபாரி. மீன்பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளை ஓரத்தில் நிறுத்திவிட்டு, எஞ்சின் பக்கம் வந்து நின்றார்.

"என்ன தம்பி, மாப்பிள மாதிரிச் சவரம் எடுத்திரிக்காய்? சுனாமி நினைவு விழா எப்ப?"

"வெள்ளிக்கிழம, காக்கா." அண்ணன் என்பதற்கு அங்கே முஸ்லிம்கள் சொல்லும் சொல் அது.

"பொன்னாட போத்துறாங்களாமே."

"பெடியங்கள் விடுறாங்க இல்ல. நான் வேணாமெண்டுதான் சொன்னன்."

"வேணாமெண்டவன் மூணு நாளைக்கு முந்தியே சவரம் எடுப்பானா?"

ஜெயரூபன் சிரித்தான். மீராசாஹிப்பும் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்டு கேக்கன், கோவிக்காத. மேடையில கனகசிங்கத்தின்ட பேரையும் ஒருக்காச் சொல்லிப்போடு."

"செத்தாக்கள்ட பேரெல்லாம் வாசிப்பாங்கதானே."

"மௌத்தானவரெண்டு இல்ல மகன். பிள்ளயத் தந்தவரெண்டு."

எஞ்சின் படபடத்தது. ஜெயரூபன் அவரையே பார்த்தான்.

"அண்டைக்கு நான் கல்லாத்துக்கு மீனெடுக்க வந்தனான். ஒரு மாடி வீட்டு மொட்டையில ஏறி நிண்டன். நீ முதல்லயே மதிலுக்கு மேல இருந்தாய். அந்த மனிசன் கழுத்தளவு தண்ணிக்குள்ளால வந்து பிள்ளயத் தூக்கி உன்ட கையில தந்தார். மறுகா தன்னையும் தூக்கச் சொல்லிக் கைய நீட்டினார்." அத்தோடு நிறுத்தினார். "நீ சின்னப் பொடியன். உன்னில பிழையில்ல. இத்தன வருசமா ஒருத்தருக்கும் சொல்லல்ல. அந்தாள்ட பேரும் ஒருக்கா வரட்டுமே எண்டுதான்."

"நீங்க வேற ஆரையோ கண்டிரிப்பீங்க."

"இரிக்கும்," என்றார் மீராசாஹிப் உடனே. தன் சைக்கிளடிக்குத் திரும்பிப் போனார்.

அந்த 'இரிக்கும்'தான் அவனை அறுத்தது. அவர் வாதாடியிருந்தால் இவனும் வாதாடியிருப்பான்.

கைக்குள் தலைமயிர் சிக்கிய உணர்வு இருபத்தொரு வருஷமாக ஜெயரூபனிடம் இருந்தது. அதை இப்போது தேடினான். கிடைக்கவில்லை. அந்த இடத்தில் ஒரு கோடுபோட்ட சேட்டின் நனைந்த கை வந்தது. விரிந்த ஐந்து விரல்கள் வந்தன. பிள்ளையைப் பிடிக்க ஒரு கை போதும். அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு ஒரு கிழமை அவனுக்குப் பேச்சே வரவில்லை. பேச்சு வந்தபோது ஊர் கதையைக் கட்டி முடித்திருந்தது. அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஆட்டி ஆட்டி, நாளடைவில் நம்பினான்.

உன்னிச்சைக் குளத்தின் கதவுகளைத் திறந்து மூன்று நாளாகியிருந்தது. ஆற்றுவாழை என்கிற ஆகாயத்தாமரைப் பற்றைகள் வீடளவு வீடளவாகப் பெயர்ந்து வாவியில் வந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து ஒதுக்கி ஓட்டுவதுதான் இந்த மாதத்தில் ஜெயரூபனின் முழு வேலை. அவன் பார்க்கவில்லை.

மோதியது.

பாதை ஒரு பக்கம் சரிந்தது. மீராசாஹிப்பின் சைக்கிள் விளிம்புக்கு வழுக்கியது. அவர் அதை விட்டிருக்கலாம். பிழைப்பை எவன் கைவிடுவான்? ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தார். இடுப்புச் சாரம் பெடலில் சிக்கியது. சைக்கிளும் மீன்பெட்டியும் அவரும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனார்கள்.

"பதறாதீங்க, ரூபன் நிக்கிறான்," என்றது ஒரு குரல்.

எவரும் ஒரு ஜாக்கெட்டை உருவி எறியவில்லை. ஒரு கயிற்றைத் தேடவில்லை. எல்லாரும் ஜெயரூபனைப் பார்த்தார்கள்.

அவன் எஞ்சினை நிறுத்தி விளிம்புக்கு ஓடினான். கால் பலகையின் நுனிக்கு வந்தது. வழக்கமாக அந்த இடத்தில் உடம்பு காற்றில் இருக்கும்.

இன்று நின்றது.

கந்தப்போடியை நினைத்தான். அந்த மாணவியை நினைத்தான். வேறு எவனோ செய்த காரியங்கள் போல அவை தூரத்தில் நின்றன. நீ ஆர்? ஒருத்தரையும் இழுத்தவனில்லை. மதிலுக்கு மேல இருந்தவன்.

தண்ணீரிலிருந்து ஒரு கை மேலே வந்தது. விரல்கள் விரிந்திருந்தன. அவன் பார்த்தான். கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே போனது.

"ரூபண்ணா," என்று மேனுகா அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அதன் பிறகுதான் குதித்தான்.

கலங்கல் தண்ணீரில் தடவித் தடவிச் சாரத்தைக் கிழித்து அவரை மேலே கொண்டுவந்தபோது நேரம் கடந்திருந்தது. பலகையில் கிடத்தி நெஞ்சை அழுத்தினார்கள். வாயால் வாவித் தண்ணீர் வந்தது. மூச்சு வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் படுவான்கரைத் துறையடி நிறைந்துவிட்டது. துறையடிக் கடைக்காரர் சீனித்தம்பி வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கண் மூடித் திறக்க முதல் பாஞ்சிட்டான். மூணு தரம் சுழியோடினவன். ஹயாத்து, ஆயுசு அவ்வளவுதான், என்ன செய்யிற?"

ஜெயரூபன் ஒரு தடவைதான் சுழியோடினான். சீனித்தம்பி பாதையில் இருக்கவே இல்லை.

வாவிக்குக் குறுக்கே உள்ள பாலத்தால் சுற்றி ஆட்டோவில் வந்து இறங்கினாள் மீராசாஹிப்பின் மகள் நிஸ்மியா. வாப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே இவனிடம் வந்தாள்.

"வாப்பாக்காக உசிரக் குடுத்துப் பாடுபட்டீங்களாம், காக்கா. அல்லாஹ் உங்களுக்கு நற்கூலி தருவான்."

தலையை ஆட்டினால் போதும். ஆட்டிப் பழகிய தலைதான்.

"இல்ல தங்கச்சி," என்றான். "நான் பிந்திட்டன். அவர்ர கை மேல வந்தது. நான் பாத்துக்கொண்டு நிண்டன்."

சீனித்தம்பி குறுக்கே வந்தார். "பேய்க்கத கதைக்காத. தங்கச்சி, இவன் தண்ணிக்குள்ள கிடந்து மண்ட விறைச்சுப்போய்க் கதைக்கான். நீங்க மனசில எடுக்காதீங்க."

சுற்றி நின்றவர்கள் ஓம் ஓம் என்றார்கள். நிஸ்மியா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். எதை நம்பினால் இன்றைய பொழுதைத் தாண்டலாம் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"ஓய்வெடுங்க, காக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மேனுகா மட்டும் போகவில்லை.

"பாஞ்சது பிந்தித்தான். நான் கண்டனான்," என்றாள். "அதுக்கு முதல் அவர் உங்களோட என்னமோ கதைச்சவர். உங்கட முகம் மாறிப்போச்சு. என்ன சொன்னவர்?"

"உன்ட அப்பாவப் பத்தி."

"சொல்லுங்க."

சொன்னான். மதிலை, கழுத்தளவு தண்ணீரை, கோடுபோட்ட சேட்டை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவுமில்லை. அவள் அழவில்லை. நாலு வயதில் இழந்த மனிதனைப் பற்றி முதல் தடவையாகக் கேட்கிறவள் போலக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா ஏதும் கதைச்சவரா?"

"பிடி எண்டார்."

"எந்தக் கைய நீட்டினவர்?"

"சோத்துக் கை."

"நீங்க?"

"நீட்டல்ல."

அவள் வாவியின் பக்கம் திரும்பினாள். பிறகு பள்ளிக்கூடப் பையைத் தோளில் மாட்டினாள்.

"பின்னேரம் நான் பாலத்தால சுத்திப் போறன், ரூபண்ணா."

பாலம் பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளி இருந்தது.