சந்தோஷ் பெயர் எழுதிய டப்பா

கல்வராயன் மலையில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் மலத்தைக் கேட்டு வாங்குவது என் வேலை. பேதி உண்டாக்கும் பூச்சியில் எத்தனை வகை, யாரிடமிருந்து யாருக்குப் பரவுகிறது என்று மரபணுவைப் பார்த்துக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சி. பூச்சி இருந்தால் பிள்ளைக்கு மருந்தும் உண்டு.

செல்லியம்மாள் மட்டும் கொடுக்க மாட்டேன் என்றாள். பிள்ளையின் உடம்பிலிருந்து வந்தது அயலார் கையில் சிக்கினால் செய்வினை வைத்துவிடுவார்களாம். ஒன்றரை வயது மகன் சந்தோஷ் வெளிக்குப் போனதையெல்லாம் சாம்பல் தூவிப் புதைத்துவிடுவாள். மூன்று முறை மலையேறினேன். என் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. பக்கத்து வீட்டுக் குழந்தை எழில்மதியுடையதை இரண்டாகப் பிரித்து, ஒரு டப்பாவில் சந்தோஷ் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

பரிசோதனை முடிவு வந்தது. மற்ற பதினாறு பிள்ளைகளுக்கும் வகை வகையான பூச்சி. இந்த இரண்டு பேருக்கு மட்டும் மரபணு அச்சு அசலாக ஒன்று. ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொன்றுக்குப் பரவியதற்குச் சான்று கிடைத்துவிட்டது என்று, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் சிவசங்கருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இருவருக்கும் ஒரே மருந்து வந்தது. எழில்மதி தேறிவிட்டாள். சந்தோஷுக்குப் பேதி நிற்காமல் கண் குழிந்துகொண்டே போனது. அவனுக்கு உண்மையில் என்ன நோய் என்று யாருக்கும் தெரியாமல் செய்தவள் நான். பத்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டரே ஜீப்பில் செல்லியம்மாள் வீட்டுக்கு வந்தார். ஒரே பூச்சி, ஒரே மருந்து, இவனுக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை, பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டதோ என்று யோசித்தார். அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டு நிற்க முடியவில்லை.

"சார், அது சந்தோஷோடது இல்ல. எழில்மதியோடத நான்தான் மாத்தி வெச்சேன்."

"இந்த அக்கா பொய் சொல்லுதுங்க," என்றாள் செல்லியம்மாள். "நானே என் கையால குடுத்தேன்."

டாக்டர் தாயைத்தான் நம்பினார். இருவருக்கும் ஒரே பூச்சி என்ற பரிசோதனை முடிவு அவருக்கும் பிடித்துப்போயிருந்தது. அலைச்சலில் நான் குழம்பிவிட்டேன் என்று சொல்லி, அதே மருந்தை இன்னும் பத்து நாளைக்கு எழுதினார். மறுபடியும் மலம் எடுத்து அனுப்பச் சொல்லி, புது டப்பாவை என் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

ஏன் இப்படிச் சொன்னாய் என்று அவளைக் கேட்டேன். துவண்டு கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இவனோடது இல்லன்னு சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. இப்பவும் அந்தப் பாப்பாவோடதையே போட்டு அனுப்புக்கா. மருந்து வந்துகினே இருக்கட்டும்."