பச்சைப் பூண்டும் பிரஷரும்

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் ஊழியர்களுக்கான இதயப் பரிசோதனை முகாம் பத்து மணிக்கே தொடங்கிவிட்டது. வேன் டிரைவர் சின்னக்கருப்பன் மட்டும் வரிசையில் நிற்பதும், கழிப்பறைக்குப் போவதுபோல் வெளியேறுவதுமாக இருந்தார். பிரஷர் கூடுதலாக இருந்தால் மலைப்பாதையில் வண்டி ஓட்ட விடமாட்டோம் என்று மேனேஜர் ராஜமுருகன் நேற்றே சொல்லியிருந்தார். பதினாறு வருடமாக இதே வேலை. வேறொன்றும் அவருக்குத் தெரியாது.

அதற்காகத்தான் வெள்ளனே எழுந்து, சொந்த ஊரான பூண்டியில் தன் காட்டில் விளைந்த பூண்டில் ஒரு முழுப் பூண்டை உரித்து, வெறும் வயிற்றில் பச்சையாக மென்று விழுங்கியிருந்தார். பூண்டு பிரஷரை இறக்கும் என்பது ஊர்ப் பேச்சு. நாலு பல் போதும் என்பார்கள். பரிசோதனை நாளாயிற்றே என்று இவர் கூட்டிவிட்டார். இப்போது நெஞ்சுக்குழி தீயாக எரிந்தது.

“என்னண்ணே, சட்னி அரைச்சு சட்டையில தடவிட்டு வந்தீகளா?” முன்னால் நின்ற சலவைப் பிரிவு மகாதேவி மூக்கைப் பொத்தினாள்.

“ஏத்தா, பேசாம நில்லு.”

“மூணு மணிக்கு மலை எறங்குற வண்டி உண்டுல்ல? மகளையும் கூட்டிட்டு வாரேன். பஸ்னா வாந்தி எடுப்பா. நீங்க ஓட்டுனா தூங்கிருவா.”

அவள் முறை முடிந்ததும் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

நர்ஸ் தாரணி அவர் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். நூற்றறுபத்தெட்டு, கூடுதல்தான். ஈசிஜியும் எடுத்தாள். “இதுல ஒண்ணும் தெரியலங்க. நெஞ்சுல ஏதாச்சும் பண்ணுதா?”

“பூண்டு தின்னேன் தாயி. எரியுது.”

அவள் சிரித்துவிட்டாள். “பதட்டத்துலயும் பிரஷர் ஏறும். நாளைக்கு மறுபடி பாப்போம்.”

தப்பித்தாயிற்று. வாசல்வரை வந்துவிட்டார். அங்கே மகாதேவி செல்போனில், “கருப்பண்ணன் வண்டிதான்டி, பயப்படாம வா,” என்று மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பித் தாரணியிடம் நடந்தார்.

“தாயி, பூண்டு தின்னது இன்னிக்குத்தான். பத்து நாளா படியேறினா நெஞ்சை அமுக்குது. இடது கையும் கனக்குது.”

தாரணியின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. “இத மொதல்லயே சொல்ல மாட்டீகளா? ஓய்வா இருக்கையில எடுத்த ஈசிஜி எல்லாத்தையும் காட்டாதுங்க. வெரசா ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“அப்ப வண்டி?” என்றார், அங்கே வந்து நின்ற மேனேஜர் ராஜமுருகனிடம்.

“போயிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்.”

அப்புறம் என்ன பேசுவார் என்று அந்த முகத்தில் தேடினார், ஒன்றும் பிடிபடவில்லை.

அவருடைய வேனிலேயே, அவருடைய இருக்கையில், பக்கத்துத் தோட்டத்துக் கார் டிரைவர் பழனிச்சாமி உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த சின்னக்கருப்பனின் வலது கால் வளைவுக்கு வளைவு தரையை மிதித்தது.

“அண்ணே, அங்க பிரேக் இல்ல. காலை எடுங்க.”

“வளைவு வருது, ஹாரன் அடிலே,” என்றார் அவர்.