ரப்பர் பட்டையின் மறுமுனை

ஈரப் போர்வையின் ஒரு முனையைக் கொடியில் போட்டுவிட்டு, அஞ்சலை சுற்றிப்போய் அந்தப் பக்கத்திலிருந்து இடக்கையால் இழுத்தாள். வலக்கை தோளுக்கு மேலே போகாமல் நின்று மாதக்கணக்காகிவிட்டது. பாதி உயரத்தில் உள்ளே ஏதோ மாட்டிக்கொண்டதுபோல் சுருக்கென்று பிடிக்கும். போர்வை கோணலாகத்தான் தொங்கியது. வத்சலா மாமி மொட்டைமாடிக்கு ஏறி வருவதில்லை என்பது பெரிய நிம்மதி.

தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப் இருந்தவரை ஜங்புராவில் இருக்கும் மாமி வீட்டுக்கு அவள் வேலைக்கு நடந்தே வந்துவிடுவாள். பக்கத்துத் தெருக்களிலும் வீடுகள் பார்த்தாள். கேம்பை இடித்து, நரேலாவில் வீடு ஒதுக்கிய பிறகு, டில்லியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு பஸ் மாறி வர வேண்டியதாயிற்று. பொழுது விடிவதற்குள் பாத்திரம் தேய்த்தாக வேண்டிய வீடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. மிஞ்சியது மாமி வீடு ஒன்றுதான். புருஷன் வேலுவுக்குச் சாக்கடை அடைப்பு எடுக்கிற கான்ட்ராக்ட் வேலை. கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதனால் தோள்வலியைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வலி முதலில் வந்தது அஞ்சலைக்குத்தான். ஆனால் அந்த வீட்டுக்குத் தெரிந்ததெல்லாம் மாமியின் வலி. மாமிக்குத் தோள் பிடித்துக்கொண்டதும் ஜகந்நாதன் மாமா பதறிப்போய் எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். தோளில் தசைநார் புண்பட்டிருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சிதான் மருந்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லித்தரப் பிசியோதெரபிஸ்ட் வைஷ்ணவி வீட்டுக்கே வந்தாள். டில்லியில் பிறந்து வளர்ந்த பெண், தமிழை யோசித்து யோசித்து, இந்தி கலந்து பேசுவாள்; அக்கா என்பதற்குத் தீதி என்பாள். கனம் தூக்காதீர்கள், துணி பிழியாதீர்கள் என்று அவள் மாமியிடம் கண்டிப்பாகச் சொன்னாள். மாமி விட்ட வேலைகளை யாராவது எடுக்கத்தானே வேண்டும். கிரைண்டர் கல்லைத் தூக்கிக் கழுவுவது முதல் குக்கரை இறக்குவது வரை எல்லாம் அஞ்சலையிடம் வந்து சேர்ந்தன.

பயிற்சிக்கு ஒரு ரப்பர் பட்டை. முழங்கையை இடுப்போடு ஒட்டிவைத்து, அதைக் கையால் வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். மறுமுனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டினார்கள். பழைய வீடு, முதல் இழுப்பிலேயே கைப்பிடி திருகாணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. ஜன்னல் கம்பியில் கட்டலாமென்றால் கூலர் அடைத்துக்கொண்டிருந்தது. கார்பெண்டரைக் கூப்பிடுகிறேன் என்றார் மாமா. அதுவரைக்கும் அஞ்சலை பிடித்துக்கொள்ளட்டும் என்றாள் மாமி. அப்புறம் கார்பெண்டரின் ஞாபகம் யாருக்கும் வரவில்லை.

மாமி இழுக்கும்போதெல்லாம் அந்த இழுப்பு அஞ்சலையின் தோளுக்குள் போய் நின்றது. இடக்கையில் சுற்றிக்கொள்ளப் பார்த்தாள். ஆடாமல் நேராகப் பிடிடி என்று மாமி சொன்னதும், இரண்டு கையாலும் பிடித்தாள். ஒருநாள் வைஷ்ணவி மாமியை விட்டுவிட்டு இவள் முகத்தைப் பார்த்தாள். பட்டையை வாங்கி வைத்துவிட்டு, "தீதி, உங்க கையைக் காட்டுங்க" என்றாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வலிக்கிறதா என்று அதுவரை அவளை யாருமே கேட்டதில்லை. கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. ராத்திரி அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாதது, ஜாக்கெட் மாட்ட வேலுவின் உதவி வேண்டியிருப்பது, எல்லாவற்றையும் மாமி எதிரிலேயே சொல்லிவிட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு.

வைஷ்ணவி கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு இருக்கிறதேதான். தீதிக்கு இன்னும் ஜாஸ்தி."

மாமி நிஜமாகவே துடித்துப்போனாள். அசடே, முன்னாடியே சொல்லியிருக்கப்படாதா என்று கடிந்துகொண்டாள். இனிமேல் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே செய்யலாம் என்றாள். மாமியின் முறை முடிந்ததும் அஞ்சலை சுவரைக் கையால் அழுத்திப் பிடிக்க வேண்டும், விரல்களைச் சுவரில் மெல்ல மேலே நடத்த வேண்டும், பக்கவாட்டில் படுத்துத் தண்ணீர் பாட்டிலைத் தூக்க வேண்டும். வைஷ்ணவி இதற்குத் தனியாகக் காசு கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும் ஒன்று சொன்னாள்.

"கொஞ்ச நாளைக்குப் பிழியறது, மேலே தூக்கறது எல்லாம் பந்த். எக்சர்சைஸும் பண்ணி, நாள் பூரா கையில ஜோர் போட்டு வேலையும் பண்ணினா ஆறாது தீதி."

"இதுல எத வுடறதுன்னு நீயே சொல்லும்மா."

வைஷ்ணவி வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். ஊறவைத்த துணி வாளி, துடைக்கிற துணி, கிரைண்டர், சிங்க் நிறையப் பாத்திரம். பையின் ஜிப்பை மூடினாள்.

அஞ்சலை பயிற்சியை ஏமாற்றவில்லை. நரேலா வீட்டில் சோறு வடித்துவிட்டு, வேலு பார்த்துக்கொண்டிருக்க, சுவரில் விரல்களை ஏற்றுவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவை கொஞ்சம் உயரம் போகும். திங்கட்கிழமை திரைச்சீலைகளைப் பிழிந்ததும் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். நவராத்திரிக்காகப் பரணிலிருந்து கொலுப்பெட்டிகளை அவள்தான் இறக்கினாள். பெட்டியைத் தலையில் வாங்கினால் தோளுக்குச் சுமை இல்லை என்று நினைத்தாள். கடைசிப் பெட்டி நழுவப் பார்த்தது. மரப்பாச்சி உடைந்துவிடக் கூடாதென்று வலக்கையை வீசிப் பிடித்தாள். பொம்மைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மாமிக்குக் கை நன்றாகவே சரியாகிவிட்டது. கொலுப்படியின் உச்சியில் கலசத்தைத் தானே வைத்தாள். வைஷ்ணவி கைதட்டினாள். அதே பயிற்சியை அதே வீட்டில் செய்தும் இவளுக்கு மட்டும் ஏன் ஆறவில்லை என்று மாமிக்குப் புரியவே இல்லை. சிரத்தை போதாது என்று மாமாவிடம் சொன்னதை அஞ்சலை சமையலறையிலிருந்து கேட்டாள்.

விஜயதசமியன்று வேலை முடிந்ததும் மாமி அவளைக் கூடத்தில் உட்காரச் சொன்னாள். அடுத்த பேட்டையான போகலிலிருந்து ஒரு பெண் நாளையிலிருந்து வருவதாகச் சொன்னாள். நடந்து வருகிற தூரம், சின்ன வயசு.

"நீ ரெஸ்ட் எடுத்துக்கோ. வேலையை விட்டாத்தான் ஆறும்னு வைஷ்ணவியே சொல்றாளே. உன்னை இப்படிப் பார்க்க எனக்கு மனசு கேக்கலைடி. குணமானப்புறம் பார்த்துக்கலாம்."

"வலி கொறஞ்சிடுச்சி மாமி. நான் சமாளிச்சிக்கிறேன். எனக்கு இந்த ஒரு வூடுதான் இருக்குது."

"எங்கே, தூக்கிக் காட்டு."

அஞ்சலை தூக்கினாள். தோள் உயரத்தில் கை நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உந்திப் பார்த்தாள். உதடு கோணியது.

"பாரு" என்றாள் மாமி. குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் அஞ்சலையும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். கையை மெல்ல இறக்கினாள்.

சுமங்கலி வெறுங்கையோடு போகக்கூடாது என்று மாமி உள்ளே போய்த் தாம்பாளத்தோடு வந்தாள். வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், தேங்காய், ஒரு ரவிக்கைத் துணி. அஞ்சலை இடக்கையை நீட்டினாள். மாமி தாம்பாளத்தைச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நல்ல நாளும் அதுவுமா இடது கையால வாங்கப்படாது."

அஞ்சலை வலக்கையை உயர்த்தினாள். பெட்டியைப் பிடித்த நாளிலிருந்து அதில் பிடிமானமே இல்லை, தேங்காயின் கனம் தாங்காது. இடக்கையை வலது முழங்கைக்குக் கீழே கொடுத்து, அதைத் தூக்கி நீட்டினாள். உடம்பு தானாக முன்னால் குனிந்தது.

மாமியின் முகம் மலர்ந்தது.

"பாருங்கோன்னா, எவ்வளவு மரியாதையா வாங்கிக்கறா" என்று மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். மாமா பேப்பரை மடக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை அஞ்சலை ஒரு கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டு அப்படியே நின்றாள்.