உப்புப் பார்த்தவர்

1

இந்தக் கதை ஒரு தொலைபேசி அழைப்பில் பிறந்தது. வாரப் பத்திரிகை ஆசிரியர் பேசினார். சர்க்கரை நோய்ச் சிறப்பிதழாம். கீரை, கிழங்கு, மூலிகை, நடைப்பயிற்சி எல்லாவற்றுக்கும் கட்டுரைகள் வந்துவிட்டன. நடுவில் ஒரு சிறுகதை வேண்டும். "கடைசியில கதாநாயகன் மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போட்றணும் சார். வாசகர்களுக்கு ஒரு நம்பிக்கை வரும்ல" என்றார். சரி என்றேன். வாரப் பத்திரிகைக்கு எழுதுகிறவன் முதலில் சரி என்பான், பிறகுதான் யோசிப்பான்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்:

'விடிந்தும் விடியாத அந்தப் பொழுதில், பாகற்காயைப் போலவே வாழ்க்கையும் கசப்பாக...'

வேண்டாம். வாழ்க்கையைப் பாகற்காயோடு ஒப்பிடுகிறவன் பாகற்காய்ச் சாறு குடித்தவனாக இருக்க மாட்டான்.

இரண்டாவது முறை: 'அப்துல் அலீமுக்குச் சர்க்கரை இருப்பது தெருவுக்கே தெரியும்.'

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

2

அப்துல் அலீமுக்குச் சர்க்கரை இருப்பது தெருவுக்கே தெரியும். தெற்கு மாசி வீதிப் பக்கம் தோல் பையும் சூட்கேஸும் விற்கிற கடை அவருடையது. டீக்கடைப் படியில் அவர் கால் வைத்ததுமே "பாய்க்குச் சீனி இல்லாம ஒண்ணு" என்று குரல் உள்ளே போய்விடும். அதில் அவருக்கு வருத்தமில்லை.

வீட்டில் அவர் மனைவி பக்ருன்னிசா சமையலறையையே திருப்பிப் போட்டிருந்தார். காலையில் கேப்பைக் கூழ், மதியம் சோறு கொஞ்சம் காய் நிறைய, இரவு கோதுமை தோசை. பொரித்த சமோசா நோன்பு மாதத்தில்கூட உள்ளே வராது, தட்டைப்பயறுச் சுண்டல்தான். அலீம் ஒருநாள் முனகியபோது, "வாய் உங்களுது, அடுப்பு என்னுது" என்று முடித்துவிட்டார். உடம்பும் கேட்டது. பரிசோதனைச் சீட்டில் எண் இறங்கியது. மாத்திரையின் அளவை டாக்டர் ஒருமுறை குறைக்கவும் செய்தார்.

காலை நடைக்குத் துணை, எதிர்க் கடை வெங்கடசுப்பிரமணியன். சௌராஷ்டிரக் குடும்பம், சுங்குடிச் சேலை வியாபாரம், அவருக்கும் சர்க்கரை. ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிடுவார்கள். மைதான வாசலில் முத்துத்தாய் விற்கும் அருகம்புல் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்பார்கள். குடித்த கையோடு வெங்கடசுப்பிரமணியன் பருத்திப்பால் வண்டிக்குப் போவார். அலீம் முறைத்தால், "கருப்பட்டி போட்டதுதான மாப்ள, அம்புட்டும் இயற்கை" என்பார்.

(ஆசிரியர் கேட்ட இயற்கை வைத்தியம் இத்துடன் போதுமான அளவு வந்துவிட்டது. இனி கதை.)

3

ரமலான் நெருங்கியது. அந்த வருஷம் அது கார்த்திகை மழையோடு வந்தது. அலீம் சிறுவயது முதல் ஒரு நோன்பையும் விட்டதில்லை. பக்ருன்னிசா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: டாக்டரிடம் கேட்டுவிட்டு இருங்கள்.

அலீம் போனார். டாக்டர் வீட்டு மாடிப்படி வரைக்கும் போனார். போன வருஷமே, அடுத்த முறை யோசிப்போம் என்று டாக்டர் இழுத்தது நினைவுக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? நோயாளிக்கு மார்க்கத்தில் விலக்கு உண்டு என்று அவருக்குத் தெரியும். அதை அடுத்தவர்களுக்கு எடுத்துச் சொன்னவரே அவர்தான். ஆனால், பொழுது சாய்கிற நேரத்தில், பசித்திருந்தவர்களின் வரிசையில் பசிக்காதவனாக உட்கார வேண்டும். நோன்பு இல்லாதவன் கையில் பேரீச்சம்பழம் வெறும் பழம்.

படியேறாமல் திரும்பினார். வழியில் நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கினார். வீட்டுக்கு வந்து, "தாராளமா இருக்கச் சொல்லிட்டாரு" என்றார்.

ஒவ்வொரு நாளும் விடியுமுன் சாப்பிடுகிற சஹர் உணவோடு மாத்திரையும் போட்டார், மேலே ஒரு கரண்டி பொடியும் சாப்பிட்டார். பொடி என்பது இலைதானே, இலை யாரை என்ன செய்துவிடும் என்பது அவர் கணக்கு.*

* சர்க்கரையை இறக்குகிற இலை இறக்கத்தான் செய்யும். மாத்திரையும் இறக்கும். பகல் முழுக்கப் பட்டினியும் இறக்கும். மூன்றும் சேர்ந்து இறக்கினால் ஆள் எங்கே போய் நிற்பார் என்று அலீம் யோசிக்கவில்லை. நீங்கள் யோசிக்கிறீர்கள். அதற்குத்தான் இந்த அடிக்குறிப்பு.

4

கடைத்தெருப் பள்ளிவாசலுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறவர் நஜீம். நொய்யரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி, கடைசியில் தேங்காய்ப்பால் என்று அண்டா நிறையக் கொதிக்கும். அதில் ஒரு சங்கடம். காய்ச்சுகிறவரும் நோன்பு, சுற்றி நிற்கிறவர்களும் நோன்பு. உப்பு யார் பார்ப்பது? நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட இடம் உண்டு என்பார்கள். நஜீமுக்கு மனசு வராது. எனவே வருஷா வருஷம் உப்புப் பார்ப்பது எதிர்க் கடை வெங்கடசுப்பிரமணியன்தான். அவர் சைவம், கறி போடுவதற்கு முன்பே கரண்டியில் எடுத்து அவருக்கு ஊதிக் கொடுத்துவிடுவார் நஜீம்.

அன்று மதியத்துக்கு மேல் மழை. வியாபாரம் இல்லை. இரண்டு பேரும் கொட்டகைக்கு வந்து நின்றார்கள். நஜீம் கரண்டியோடு நிமிர்ந்தார். அப்போதுதான் அலீமின் சட்டை முதுகோடு ஒட்டியிருப்பதை வெங்கடசுப்பிரமணியன் பார்த்தார். மழைத் தண்ணீர் இல்லை, வேர்வை. குளிர் காற்றில் வேர்வை. கொட்டகைத் தூணைப் பிடித்திருந்த கை நடுங்கியது. என்ன மாப்ள என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, நோன்பு திறக்கப் பாங்கு சொல்ல இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று உதட்டை மட்டும் அசைத்தார் அலீம்.

5

இந்த இடத்தில் பேனா நின்றது. மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன.

முதலாவது ஆசிரியருடையது. 'அலீம் மாத்திரைகளைக் குப்பையில் எறிந்தார். அருகம்புல்லின் பச்சை அவர் நரம்புகளில்...' எழுத முடியவில்லை. இத்தனை நாள் அவரை நடமாட வைத்ததில் கேப்பைக்கும் பங்குண்டு, மாத்திரைக்கும் பங்குண்டு. ஒன்றை வைத்து ஒன்றை அடிக்க எனக்கு என்ன வழக்கு?

இரண்டாவது, என் பழக்கம். ஆட்டோ, ஆஸ்பத்திரி, வராண்டாவில் பக்ருன்னிசா தலைவிரி கோலமாக... பாதிப் பக்கம் எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தால் அந்த அம்மாள் என்னைத்தான் முறைப்பதுபோல் இருந்தது. கிழித்துவிட்டேன்.

மூன்றாவதைச் செய்தவர் வெங்கடசுப்பிரமணியன். இவர் மேல் எனக்குச் சந்தேகம் இருந்தது. இவ்வளவு சமயோசிதமான ஆள் எதிர்க் கடையில் கிடைப்பாரா? ஆனால், திருப்பரங்குன்றத்தில் ஒரு கல்யாணத்தில், பந்திக்குக் காத்திருந்தபோது இவரே சர்க்கரை இறங்கி, இதேபோல வேர்த்துச் சரிந்திருக்கிறார். அன்று முதல் இவர் மனைவி பத்மாசினி, சட்டைப் பையில் கல்கண்டுப் பொட்டலம் வைக்காமல் இவரை வெளியே விடுவதில்லை. ஆகையால் நம்பலாம்.

6

நஜீம் கரண்டியை நீட்டினார். வெங்கடசுப்பிரமணியன் வாங்கவில்லை.

"எனக்கு இன்னைக்கு நாக்கே செத்துக் கெடக்கு நஜீமு. காலைல பாகக்காச் சாறு. அலீம் பாக்கட்டும்."

"அவரு நோன்பாச்சேண்ணே."

அலீம் தரையைப் பார்த்தார்.

"சர்க்கரைக்காரன்யா அவன். டாக்டர் இருக்கக் கூடாதுன்னுட்டாரு. உன்கிட்ட வேற தனியா வந்து சொல்லணுமாக்கும்?"

படியேறியிருந்தால் டாக்டர் இதைத்தான் சொல்லியிருப்பார். படியேறாததால் சேலை வியாபாரி சொல்ல வேண்டியதாயிற்று. தெரு சிரிக்கும், பள்ளிவாசலில் தலை நிமிர முடியாது என்று அலீம் பயந்திருந்த நிமிஷம் இதுதான். அது வந்தேவிட்டது. நஜீம் கரண்டியால் அண்டா விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினார்.

"அத முன்னாடியே சொல்லக் கூடாதா பாய்? நான் பாட்டுக்கு இந்த அண்ணன் கடையையே எட்டி எட்டிப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

அவ்வளவுதான். பயத்துக்கு அவர் கொடுத்திருந்த அளவில் கால்வாசிகூட அது இல்லை.

கரண்டியில் இருந்தது டம்ளருக்கு மாறியது. மாறும்போது வெங்கடசுப்பிரமணியன் தன் சட்டைப் பையிலிருந்த கல்கண்டை அப்படியே அதில் கவிழ்த்துக் கலக்கியதை நஜீம் பார்க்கவில்லை. அலீம் பிஸ்மி சொல்லிக் குடித்தார். தொண்டை வழியாகச் சூடு இறங்கியது. கொஞ்ச நேரத்தில் தூண் தூணாக நின்றது, கை கையாக ஆனது. காதோரம் வெங்கடசுப்பிரமணியன் முணுமுணுத்தார்: "நாளைக் காலைல டாக்டர்ட்ட போறோம். வரலேன்னா பத்மாசினியைக் கூட்டிக்கிட்டு உன் வீட்டுக்கு வாரேன்." அவர் மிரட்டியதிலேயே இதுதான் பெரிய மிரட்டல்.

"உப்பு எப்புடி பாய்?" என்றார் நஜீம்.

கல்கண்டு கரைந்த கஞ்சியைக் குடித்தவர் என்ன சொல்வார்? அலீம் மனசாட்சிப்படி சொன்னார்.

"இன்னும் கொஞ்சம் போடலாம்."

நஜீம் ஒரு கை அள்ளிப் போட்டார். அலீம் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு கையும் போட்டார்.

7

மழை விட்டிருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு தூக்குவாளியில் கஞ்சி போனது. அலீமும் தன் தூக்கோடு வீட்டுக்குப் போனார். போகிற வழியெல்லாம், இன்றைக்கே பக்ருன்னிசாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாக்கியத்தைச் சரிசெய்துகொண்டே போனார். 'டாக்டர்கிட்ட அன்னைக்கு நான்...' 'அன்னைக்கு டாக்டர் வீட்ல கூட்டமா...' அவரும் என்னைப் போலத்தான். முதல் வரி அமையவில்லை.

பக்ருன்னிசா விரிப்பில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். பேரீச்சம்பழம், சுண்டல், தண்ணீர், இரண்டு கிண்ணத்தில் கஞ்சி. பாங்கு சொன்னார்கள். அந்த அம்மாள் பழத்தைக் கடித்து, தண்ணீர் குடித்து, கஞ்சியில் ஒரு வாய் குடித்தார். கிண்ணத்தைக் கீழே வைத்தார். அதே நேரத்தில் தெரு முழுக்க எத்தனை கிண்ணங்கள் கீழே வைக்கப்பட்டன என்பது எனக்குத் தெரியும், அலீமுக்குத் தெரியாது.

ஆசிரியர் ஐயா, மன்னிக்கவும். மாத்திரை குப்பைக்குப் போகவில்லை. பொடி போகுமா என்பது நாளை டாக்டர் கையில். வாசகர்களே, மீதி உங்கள் கையில். பக்ருன்னிசாவை மட்டும் அழ வைத்துவிடாதீர்கள். அது அவருக்குப் பொருந்தாது. நான் ஒருமுறை முயன்று கிழித்திருக்கிறேன்.

அவர் தண்ணீர்ச் செம்பைக் கணவர் பக்கம் மெல்ல நகர்த்தினார். பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இன்னைக்கு உப்புப் பாத்தது யாரு?"